மேற்றிராணியார் ஆன துறவிகள்

1260-ஆம் ஆண்டில் ஜெர்மானியத் துறவி ஒருவருக்கு அவருடைய சபைத் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். அத்துறவியின் பெயர் ஆல்பர்ட். அக்கால ஐரோப்பாவில் அவருக்கு நிகரான அறிஞர் அரியர். தாமஸ் அக்குவினாஸ் என்னும் பெருந்தத்துவ ஞானி அவரிடம் பாடங் கேட்டவர். அத்தகையவரைப் பாப்பரசர் ரேகன்ஸ்பர்க் நகரத்து மேற்றிராணியாராக நியமிக்கப் போகிறார் என்ற செய்தி சபைத் தலைவர் ஹம்பர்ட்டின் செவிக்கு எட்டிற்று. சபைக்கே பெருமை என்று அவர் மகிழ்ந்திருப்பார் என நாம் எண்ணுவோம். அவரோ மனம் பதைத்தார். மேற்றிராணியாரின் ஆசனத்தில் அமர்ந்திருக்கக் காண்பதைவிடத் தம் அருமை மகனைப் பாடையில் கிடத்தக் காண்பதே தமக்கு ஆறுதல் என்னும் கருத்துப்பட எழுதினார்.

ஒரு பதவியைக் குறித்து இத்துணை அச்சம் ஏன்? இக்கேள்வியைத்தான் இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

மேற்றிராணியார் என நம் முன்னோர் வழங்கியவரை இன்று ஆயர் என்கிறோம். ஒரு பெரும் பகுதியிலுள்ள கோயில்கள், குருமார்கள் அனைவருக்கும் அவரே தலைவர். ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் அவர் சமயத் தலைவர் மட்டும் அல்லர். நூற்றுக்கணக்கான கிராமங்களின் வருவாய் அவரைச் சேரும். கோட்டை அவருக்கு உண்டு. வழக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. அரசனின் ஆலோசனைச் சபையில் ஆசனம் உண்டு. சுருங்கச் சொன்னால், அவர் செபம் செய்யத் தெரிந்த ஒரு குறுநில மன்னர்.

துறவியோ மூன்று வார்த்தைப்பாடுகளால் தம்மைக் கட்டிக்கொண்டவர்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். துறவியரிலும் இரு வகையினர் இருந்தனர். ஆசீர்வாதப்பர் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் அழைக்கும் பெனடிக்டின் விதிமுறையைப் பின்பற்றியோர் மடத்தை விட்டு நீங்காது வாழ்ந்தனர். அவர்களுள் எவருக்கும் தனிச் சொத்து இல்லை. ஆயினும் மடத்துக்கு நிலபுலம் இருக்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பிரான்சிஸ், தோமினிக் ஆகியோரின் சீடர்கள் வேறு வகையினர். ஊர் ஊராக நடந்து, பிச்சையேற்று உண்டு, போதித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தோமினிக்கை நம் நாட்டுக் கத்தோலிக்கர் சாமிநாதர் என்பர். ஆல்பர்ட்டும் ஹம்பர்ட்டும் அந்தச் சாமிநாதர் சபையைச் சேர்ந்தவர்கள்.

இப்போது சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பதவியை ஏற்றால் ஏழ்மை போய்விடும் என்று துறவி அஞ்சுகிறான், ஆகவே மறுக்கிறான். பாப்பரசர் ஆணையிடுகிறார். ஆணையை மீறினால் கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடு உடைகிறது. ஒரு வார்த்தைப்பாட்டைக் காக்க மற்றொன்றைப் பணயம் வைக்க வேண்டிய நிலை! விந்தை இத்தோடு முடியவில்லை. மேற்றிராணியாராக முடி சூடிய கணமே அவர் தம் சபைத் தலைவருக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமையிலிருந்து விடுபடுகிறார். கீழ்ப்படிதலால் பதவிக்கு வந்தவருக்குக் கீழ்ப்படிய இனி அருகில் எவரும் இல்லை. 1215-ஆம் ஆண்டின் லாத்தரன் பொதுச் சங்கம், துறவியாயிருந்து மேற்றிராணியார் ஆனவர் தம் துறவற அங்கியையே அணிய வேண்டும் என விதித்தது. தமக்கெனப் பொருள் சேர்ப்பதும், பாப்பரசரின் அனுமதியின்றி உயில் எழுதுவதும் அவருக்கு ஆகா. உடையையும் உயிலையும் சட்டம் காவல் செய்தது. உள்ளத்தைக் காவல் செய்ய எந்தச் சட்டத்தால் முடியும்?

ஆல்பர்ட் கீழ்ப்படிந்தார். கடனில் மூழ்கியிருந்த மேற்றிராசனத்துக்குச் சென்றார். முரட்டுக் காலணி அணிந்து கால்நடையாகவே ஊர்களைச் சுற்றினார். மக்கள் அக்காலணியையே அவருக்குப் பட்டப்பெயராக்கினர். இரண்டு ஆண்டுகளில் பதவியைத் துறந்து நூல்களிடம் திரும்பிவிட்டார். அவர் வென்றாரா, தப்பினாரா என்பதை நீங்களே சொல்லுங்கள். தப்பினார் என்பதே என் கருத்து.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இத்தகைய துறவிகள் பலரைக் காண்கிறோம். முதலில், பதவி கிட்டியும் நிலைக்காத ஒருவரைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் மேற்றிராசனக் கோயில்களில் ஏறக்குறைய பாதி மடத்துத் துறவிகளின் பொறுப்பில் இருந்தன. வடக்கே ஸ்காட்லாந்தின் எல்லையை நோக்கி நிற்கும் டர்ஹாம் அவற்றுள் ஒன்று. புதிய மேற்றிராணியாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி அம்மடத்தாருக்கே உரியது. அவர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது இயல்புதானே? ஆனால் டர்ஹாம் மேற்றிராணியார் எல்லைப்புறக் காவலருமாவார். அவருக்குத் தனி நீதிமன்றமும் நாணயச் சாலையும் உண்டு. படை திரட்டும் உரிமையும் உண்டு. அத்தகைய இடத்தை எந்த அரசன் ஒரு செபமாலைத் துறவியிடம் விட்டுவைப்பான்?

1317-இல் மடத்தார் தம் சபைத் துறவியான ஹென்றி என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். இராணி இசபெல்லாவோ தம் உறவினரான லூயி தெ போமோன் என்பவருக்காகப் பரிந்து பேசினாள், பாப்பரசரும் இசைந்தார். போமோனுக்கு இலத்தீன் தெரியாது. அபிஷேகச் சடங்குக்காகப் பல நாள் பயிற்சி அளித்தும், ‘மெட்ரொபொலிட்டிசே’ என்ற சொல் வந்தவுடன் அவர் நா தடுமாறிற்று. மூச்சு வாங்கிப் பார்த்தும் முடியாமல், அதைச் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரெஞ்சு மொழியில் கூறி மேலே சென்றாராம். இதைப் பதிந்து வைத்திருப்பது ராபர்ட் கிரேஸ்டேன்ஸ் என்னும் டர்ஹாம் துறவியின் பெயரால் வழங்கும் வரலாற்று நூல். எழுதிய துறவியின் உதட்டோரத்தில் ஒரு புன்னகை இருந்திருக்க வேண்டும் என்று அப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1333-இல் போமோன் இறந்தார். மடத்தார் இம்முறை தேர்ந்தெடுத்தது யாரைத் தெரியுமா? அந்த ராபர்ட் கிரேஸ்டேன்ஸையேதான். அவர் இறைநூல் கற்றுத் தேர்ந்தவர். மடத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவர். முறைப்படி அரசனின் இசைவை நாடிச் சென்றார். பாப்பரசர் வேறொருவருக்கு அவ்விடத்தை அளித்துவிட்டார், அவர் மனத்தைப் புண்படுத்த நாம் விரும்பவில்லை என்று மூன்றாம் எட்வர்டு மறுத்தான். பாப்பரசரிடம் அந்த வேறொருவருக்காகப் பரிந்துரைத்தவனே எட்வர்டுதான்! ஆயினும் யார்க் நகரத்து அதிமேற்றிராணியார் நவம்பர் மாதத்தில் கிரேஸ்டேன்ஸுக்கு அபிஷேகம் செய்துவைத்தார். டர்ஹாம் திரும்பிய அவர் ஆசனத்திலும் அமர்ந்தார். அபிஷேகம் ஆயிற்று, ஆசனமும் ஆயிற்று. கிராமங்களும் கோட்டையும் வருவாயும் மட்டும் அரசனின் கையைவிட்டு வரவில்லை. டிசம்பரில் அரசனின் அந்தரங்க முத்திரைக் காப்பாளரான ரிச்சர்டு தெ பரி அதே பதவிக்கு அபிஷேகம் பெற்றார். ஒரே மேற்றிராசனத்துக்கு இரு மேற்றிராணியார்கள்!

கிரேஸ்டேன்ஸ் மடத்தாரைக் கலந்தார். அரசனும் பாப்பரசரும் ஒருபுறம் நிற்க, மறுபுறம் நின்று வழக்காடும் வலிமை மடத்துக்கு இல்லை. அவர் போராடாமல் ஒதுங்கித் தம் பழைய அறைக்கே திரும்பிவிட்டார். நியாயமாகச் சொன்னால், ரிச்சர்டு தெ பரி தீய மேற்றிராணியார் அல்லர். புத்தகங்களின்மீது தீராக் காதல் கொண்டவர் அவர். அக்காதலைப் பற்றியே ‘பிலோபிப்லான்’ என்னும் நூலை இயற்றியவர். ஆயினும் சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தித் தோற்ற துறவியின் பக்கமே என் மனம் சாய்கிறது. தம் மடத்தின் தோல்வியை ஏட்டில் எழுதியவரே அடுத்த தோல்வியின் நாயகராக நேர்ந்ததை என்னென்பது!

அரசனுக்கு வேண்டியவராக இருந்தால் துறவிக்கும் கதவு திறக்கும் என்பதற்கு சைமன் லாங்கம் சான்று. 1349-இல் பெருங்கொள்ளைநோய் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் தலைவரையும் இருபதுக்கு மேற்பட்ட துறவிகளையும் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் லாங்கமைத் தலைவராக்கினர். அவர் மடத்தின் கடன்களைத் தீர்த்த திறமையை அரசன் கண்டான். நாட்டின் பொருளாளர், ஈலி நகரத்து மேற்றிராணியார், தலைமை அமைச்சருக்கு ஒப்பான சான்சலர் என்று உயர்ந்து, 1366-இல் காண்டர்பரி அதிமேற்றிராணியாராகவே ஆனார். இரண்டே ஆண்டுகளில் பாப்பரசர் அவரைக் கர்தினாலாக்கினார். தன் அனுமதியின்றி நடந்ததென்று அரசன் சினந்தான். லாங்கம் பதவியை விட்டு அவிஞ்ஞோனுக்குச் சென்றார். 1376-இல் அங்கே இறந்தபோது, தாம் ஈட்டிய பெருஞ்செல்வத்தை வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்கே விட்டுச் சென்றார். அம்மடத்துக் கோயிலின் நெடுமண்டபம் புதுக்கப்பெற்றதற்கு அப்பொருள் பெரிதும் உதவிற்று. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவரிடம் அத்துணைச் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டுவிடாதீர்கள்; அக்காலத்தில் கேட்டவர்கள் குறைவு.

அரசவை சிலருக்குக் கண்ணியாகவும் முடிந்தது. சாமிநாதர் சபைத் துறவியான தாமஸ் ரஷூக் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவாக இருந்தார். அவ்வழியே முதலில் லாண்டாஃப், பின்னர் சிசெஸ்டர் மேற்றிராணியார் ஆனார். 1388-இல் மன்னனின் நண்பர்களைப் பாராளுமன்றம் வேட்டையாடியபோது அவரையும் குற்றஞ்சாட்டி அயர்லாந்துக்கு நாடு கடத்திற்று.

இவர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் பெயரளவில் மட்டும் மேற்றிராணியாராக இருந்த துறவிகள். பெரிய மேற்றிராணியார்கள் அரசவையிலும் தூதுப்பயணங்களிலும் காலங்கழித்தனர். குருப்பட்டம் அளிப்பது யார்? பீடங்களை அபிஷேகம் செய்வது யார்? பாலஸ்தீனத்திலும் சின்ன ஆசியாவிலும் திருச்சபை இழந்துவிட்ட பழைய நகரங்களின் பெயரை ஓர் ஏழைத் துறவிக்குச் சூட்டி, அவரை இந்த வேலைக்கு அமர்த்தினார்கள். தாம் ஆளும் நகரத்தைக் கனவிலும் காணாத மேற்றிராணியார்! பெருமை ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு என்பது அக்காலத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

தொலைதூர நாட்டுக்கு மெய்யாகவே நியமனம் பெற்ற துறவிகளும் உண்டு. அவர்களுள் ஒருவர் நமக்கு அண்மையில் உள்ள ஓர் ஊரின் மேற்றிராணியார். தென்பிரான்சு நாட்டவரான ஜோர்தான் என்னும் சாமிநாதர் சபைத் துறவி 1321-இல் பிரான்சிஸ்கன் சபையினர் நால்வரோடு பம்பாய்க்கு அருகிலுள்ள தானா நகரை அடைந்தார். ஜோர்தான் வெளியூர் சென்றிருந்த வேளையில் அந்நால்வரும் அங்கே கொல்லப்பட்டனர். அவர்களைச் சோப்பாராவில் அடக்கம் செய்தவர் அவரே. துணையின்றித் தனித்து நின்றும் அவர் தம் பணியை விட்டுவிடவில்லை. 1329-இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான், வேணாட்டின் மிளகுத் துறைமுகமான கொல்லத்தை ஒரு மேற்றிராசனமாக்கி ஜோர்தானை அதற்கு நியமித்தார். மறு ஆண்டில் அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்குரிய கடிதங்களும் அவர் கையில் ஒப்படைக்கப்பெற்றன. கீழ்த்திசை அற்புதங்களைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூலில் நம் பலாவும் மாவும் தென்னையும் இடம்பெறுகின்றன. அவிஞ்ஞோன் அரண்மனையில் அதைப் படித்தவர்கள் பலாப்பழத்தின் அளவை நம்பியிருப்பார்களா? இத்தகைய மேற்றிராசனத்தில் அரண்மனையும் இல்லை, வருவாயும் இல்லை. ஹம்பர்ட் அஞ்சிய ஆபத்தும் ஆகவே இல்லை. செல்வம் கொழிக்கும் நகரத்தில் வைத்துத்தான் துறவியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் அத்தகைய நகரம் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ். கம்பளி நெசவும் பட்டு நெசவும் வட்டிக்கடைகளும் பொன்னைக் குவித்த ஊர் அது. அங்கே 1389-இல் ஒரு பத்திர எழுத்தரின் மகனாகப் பிறந்தவர் அந்தோனியோ. உருவத்தில் சிறியவராகையால் ‘சின்ன அந்தோனி’ என்னும் பொருளில் அந்தோனினோ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1405-இல் சாமிநாதர் சபையில் சேர்ந்த அவர் பல மடங்களுக்குத் தலைவராயிருந்து சீர்திருத்தினார். 1436-இல் புளோரன்ஸிலுள்ள சான் மார்க்கோ மடம் அச்சபைக்குக் கிடைத்தது. நகரத்தின் முடிசூடா மன்னராக விளங்கிய வங்கி முதலாளி கோசிமோ தே மெதிச்சி தம் செலவில் அதைப் புதுப்பித்துக் கொடுத்தார். சுவர்களில் ஃபிரா ஆஞ்செலிக்கோ தீட்டிய சித்திரங்களை உலகம் இன்றும் சென்று காண்கிறது. கோசிமோ தனித்திருந்து செபிக்க அம்மடத்தில் ஓர் அறையே ஒதுக்கப்பட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1442-இல் அந்தோனினோ பன்னிரு நல்லோர் அடங்கிய ஓர் அமைப்பை நிறுவினார். பிச்சையெடுப்போருக்கு உதவப் பலர் இருந்தனர். வாழ்ந்து கெட்டவர்கள், கையேந்த நாணிப் பசியோடு கதவடைத்துக் கிடந்தவர்கள், இவர்களைத் தேடிச் சென்று மறைவாக உதவுவதே அப்பன்னிருவரின் பணி. சான் மார்த்தினோ நல்லோர் என்னும் அவ்வமைப்பு அந்நகரில் இன்றும் இயங்கி வருகிறது.

1446-இல் பாப்பரசர் நான்காம் யூஜின் அவரைப் புளோரன்ஸின் அதிமேற்றிராணியாராக்கினார். ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி இதைப் பற்றி ஓர் இனிய கதை சொல்கிறார். பாப்பரசர் அப்பதவியை முதலில் ஃபிரா ஆஞ்செலிக்கோவுக்கே அளிக்க எண்ணினாராம். ஓவியத் துறவி மறுத்து அந்தோனினோவின் பெயரைச் சொன்னாராம். ஆனால் வசாரி கூறும் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலாஸ். அவர் பதவிக்கு வந்ததே 1447-இல்தான். மாணவர்களே, ஒரு கதை இனிமையாக இருக்கும்போது ஆண்டைச் சரிபார்க்க மறவாதீர்கள்.

அந்தோனினோவும் மறுத்துப் பார்த்தார். கீழ்ப்படிதலின் பேரால் ஆணை வந்தபின் தலைவணங்கினார். ஆனால் தம் துறவற அங்கியை மாற்றவில்லை. வெள்ளிப் பாத்திரங்களும் குதிரைகளும் அரண்மனைக்கு வேண்டா என்றார். பணியாட்கள் ஒரு சிலரே. ஏறிச் செல்ல ஒரு கோவேறு கழுதை. அதன்மேல் அமர்ந்து பங்கு பங்காகச் சென்று குருமார்களின் நிலையை நேரில் கண்டார். 1448-இல் கொள்ளைநோய் பரவியபோதும், 1453-இல் பூமி அதிர்ந்தபோதும் மக்களின் துயர் துடைக்க முன்னின்றார். இவ்வளவுக்கும் இடையே நான்கு பெரும் பாகங்கள் கொண்ட ஒழுக்க நூல் ஒன்றை இலத்தீனில் இயற்றினார். அதில் என்னைக் கவர்ந்தது வானுலகைப் பற்றிய பகுதியன்று. கூலியைப் பற்றிய பகுதியே. புளோரன்ஸ் நெசவுத் தொழில் முதலாளிகள் தொழிலாளிக்குப் பேசிய பணத்தைத் தராமல் துணியாகவும் மதிப்புக் குன்றிய நாணயமாகவும் கொடுத்துவந்தனர். அது பாவம் என்று அவர் தெளிவாக எழுதினார். அம்முதலாளிகள் அவருடைய கோயிலுக்கு வருபவர்கள்தாம். மடத்தின் அமைதியில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது ஒன்று. நாள்தோறும் அவர்கள் முகத்தில் விழித்துக்கொண்டு எழுதுவது வேறொன்று.

1458-இல் பெருஞ்சோதனை வந்தது. புளோரன்ஸ் பெயருக்குக் குடியரசு. அதன் ஆட்சி மன்றங்களில் உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களிப்பதாகச் சத்தியம் செய்திருந்தனர். அவ்வாறு வாக்களித்தால் மெதிச்சி கட்சியாரின் தீர்மானங்கள் நிறைவேறவில்லை. ஆகவே வெளிப்படையாக வாக்களிக்குமாறு உறுப்பினர்களை நெருக்கினர். யார் எதிர்க்கிறார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதிர்ப்பவர் எத்தனை பேர்? ஜூலை மாதத்தில் ஒரு நாள் தலைமைக் கோயிலின் கதவில் ஓர் அறிவிப்பு காணப்பட்டது. அதிமேற்றிராணியாரே தம் கைப்பட எழுதியது. இரகசிய வாக்குச் சத்தியத்தை மீறுவோர் சபை நீக்கத்துக்கு ஆளாவர் என்று அது எச்சரித்தது.

அம்மடத்தைக் கட்டிக் கொடுத்த கோசிமோவின் கட்சிக்கு எதிராகவே அதே மடத்திலிருந்து வந்த துறவி எழுதிய எச்சரிக்கை அது. பட்ட நன்றிக் கடனைத் தீர்க்கும் முறையா இது என்று மெதிச்சி நண்பர்கள் குமுறியிருப்பர். அந்தோனினோ நன்றியையும் நீதியையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. அவர் வென்றார் என்று சொல்ல எனக்கு ஆசை, வரலாறு இடந்தரவில்லை. ஆகஸ்டு மாதத்தில் ஆயுதந் தாங்கிய வீரர்கள் சூழ்ந்து நிற்க மக்கள் கூட்டம் சதுக்கத்தில் கூட்டப்பட்டது. கட்சியார் வேண்டிய அதிகாரங்களெல்லாம் ‘மக்களின் ஒப்புதலோடு’ அவர்களுக்குக் கிடைத்தன.

அடுத்த ஆண்டு, 1459 மே மாதம் 2-ஆம் நாள், அந்தோனினோ காலமானார். மாந்துவா மாநாட்டுக்குச் செல்லும் வழியில் பாப்பரசர் இரண்டாம் பயஸ் அப்போது புளோரன்ஸில் தங்கியிருந்தார். பயஸ் துறவற சபை எதையும் சார்ந்தவர் அல்லர். கவிஞர், இராசதந்திரி, உலகின் இன்பங்களை நன்கறிந்த மனிதர். தம்முடன் வந்த மேற்றிராணியார்கள் அனைவரும் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள வேண்டும் என்று அவர் பணித்தார். பின்னர்த் தம் நினைவுக் குறிப்புகளில், இறந்தவரிடம் எஞ்சியிருந்த உடைமைகளையும் குறித்து வைத்தார்: ஏறிச் சென்ற கோவேறு கழுதை, மலிவான சில தட்டுமுட்டுச் சாமான்கள். பிறவெல்லாம் ஏழைகளுக்குப் போயிருந்தன. உடலை அவர் விருப்பப்படி மற்றத் துறவிகளோடு துறவியாகச் சான் மார்க்கோவிலேயே அடக்கம் செய்தனர்.